ஒரு வெள்ளி கொடுத்த தாத்தா – கடிதமும் பதிலும்

அண்ணனுக்கு வணக்கம்.

பழைய நாடக நோட்டீசுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நானும் உங்களைப் போல மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான். போன மாதம் பாட்டி காலமானார். வீட்டை ஒதுங்க வைக்கும்போது கட்டிலுக்கு அடியில் தாத்தாவின் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே பழைய சிறு புத்தகங்கள், கோயில் திருவிழா மலர்கள், கையால் எழுதிய ஒரு நோட்டு. சிலவற்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தாத்தா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். "கோலாலம்பூர் யூனிவர்சிட்டியில் இருக்கிற தமிழ்ப் புத்தகத்தில் ஒன்று நான் வாங்கிக் கொடுத்தது" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் சிரிப்போம். அப்படி ஏதாவது நடந்ததா? இந்த டின்னை அந்த நூலகத்துக்குக் கொடுக்கலாமா? இதெல்லாம் அரிய நூல் கணக்கில் வருமா? தம்பி பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறான்.

(பெயர் வேண்டாம், அண்ணா.)

அன்புள்ள தங்கைக்கு,

பாட்டிக்கு என் அஞ்சலி. தம்பியை இரண்டு நாள் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது கோலாலம்பூரில் அல்ல, சிங்கப்பூரில். அங்கே ஏற்கெனவே இருந்த ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்து உருவாக்கினார்கள். பிறகு இந்திய ஆய்வியலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு வந்தது. சரி, எந்த மொழியை வைத்து? ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். இங்கே இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களிலும் பலர் பால்மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள். கோபம் வராமல் இருக்குமா?

அந்தக் கோபத்தைக் காசாக மாற்றியவர் சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். தமிழுக்கு இடம் வேண்டும் என்று கேட்டால் மட்டும் போதாது, தமிழ்ப் புத்தகங்களையும் நாமே வாங்கித் தருவோம் என்பதுதான் அதன் சாரம். கடைச் சிப்பந்திகள், துறைமுகத் தொழிலாளர்கள், தோட்டத்து ஆட்கள் என்று வெள்ளி வெள்ளியாக (அன்றைய டாலரைத்தான் வெள்ளி என்போம்) கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது, தமிழை முதன்மையாக வைத்து. சேர்ந்த பணம் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் போனது. உங்கள் தாத்தாவின் வெள்ளிக்கு முழுப் புத்தகம் வந்ததா, அட்டை மட்டும் வந்ததா என்று கேட்காதீர்கள்.

1959இல் பல்கலைக்கழகத்துக்குக் கோலாலம்பூரில் ஒரு தன்னாட்சிப் பிரிவு வந்தது. நூலகமும் அந்த ஆண்டில் அங்கே தொடங்கியது, இந்திய ஆய்வியல் துறையும் இடம் மாறியது. 1962இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தன. தனிநாயகம் அடிகள் 1961இல் துறைத் தலைவராக வந்ததும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒருவர் சம்பள நாளில் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்த கதைதான் தெரியாது.

நம் ஊரையே பாருங்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்த கதை சுங்கை சிப்புட்டில் எந்த வீட்டில் கேட்டாலும் வரும். நிலத்துக்குக் கொடுத்த காசுக்குப் பங்குப் பத்திரம் இருந்தது, அதனால் ஞாபகமும் இருந்தது. அதற்குச் சில வருடம் முன்பு புத்தகத்துக்குக் கொடுத்த காசைப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அதே சிரிப்புதான்.

இனி டின்னுக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் நீங்கள் முதலில் வைத்தது தடித்த அட்டைக் கம்பராமாயணம். சென்னைப் பதிப்பு. நல்ல புத்தகம், ஆனால் அரிதல்ல. தமிழ்நாட்டு நூலகங்களில் தேடினால் கிடைத்துவிடும். கடைசியில், மன்னிப்புக் கேட்கிற மாதிரி, "இது குப்பை போல" என்று எழுதி ஒரு சிறு புத்தகத்தின் படங்களை வைத்திருக்கிறீர்களே, அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ் நிற அட்டை, வெளுத்துச் சாம்பலாகியிருக்கிறது. மேல் மூலை கிழிந்து தலைப்பு பாதிதான் தெரிகிறது. நடுவில் அடித்த இரண்டு கம்பியும் துருப்பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் சிறிதாகிக்கொண்டே போகும் பழுப்பு வட்டமாக இறங்கியிருக்கிறது. பதினாறு பக்கம், காவடிச்சிந்து. அடியில் ஈப்போ அச்சகம் ஒன்றின் பெயர், 'விலை காசு 20'. பின் அட்டையில் யாரோ பென்சிலில் பெரட்டுக் கணக்கு (தோட்டத்தில் ஆள் வரவு எடுக்கும் கணக்கு) மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்காக அச்சடித்து, அந்த ஒரு நாளில் விற்று, மறுநாள் வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்டதுதான் இல்லாமல் போகும். வயதை வைத்து அரிது என்று சொல்வதைவிட, எத்தனை பிரதி பிழைத்தது என்று கேட்பதுதான் முறை.

பிழைத்ததற்கும் அழிந்ததற்கும் சட்டமும் ஒரு காரணம். 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கைநேசன்' வார இதழ் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. 1886இல் நீரிணைக் குடியேற்றங்களில் நூல் பதிவுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் அச்சாகும் நூல்களைப் பதிய வேண்டும், பிரதி கொடுக்க வேண்டும். அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை போயின. காலனி அதிகாரிக்குத் தமிழ் மீது பாசம் என்று நினைக்க வேண்டாம். யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவே. ஆனால் ஈப்போ இருக்கும் நம் பேராக் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. மலேசியாவில் இப்போது இருக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உங்கள் காவடிச்சிந்துக்கு அது வெகு தாமதம்.

இந்தச் சின்னப் புத்தகங்களையும் மதித்துக் கணக்கெடுத்தவர் ஒருவர் உண்டு, இராம. சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களைப் பட்டியலிட்டு 'தமிழ் மலேசியானா' என்று தொகுத்தார். 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகமே அதை வெளியிட்டது. என்னைக் கேட்டால், அந்த நூலகம் தமிழுக்குச் செய்த பெரிய காரியம் அதுதான், மாநாட்டு மேடை எல்லாம் அப்புறம். உங்கள் டின்னில் இருப்பவற்றை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதில் இல்லாதது ஒன்று கிடைத்தாலும் உங்கள் தாத்தா அந்த நூலகத்துக்கு இரண்டாவது முறை கொடுத்தவர் ஆகிவிடுவார்.

கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். என் சின்ன மாமா சேர்த்து வைத்திருந்த இரண்டு பெட்டிக் காகிதங்களை ஓர் இடத்தில் கொடுத்தேன், எந்த இடம் என்று வேண்டாம். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் பெட்டிகள் படிக்கட்டுக்குக் கீழே, பக்கத்தில் வாளியும் துடைப்பமும். மேல் பெட்டியின் அடிப்பாகம் கரையான் மண்ணாகவே இருந்தது. பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தால் கேட்கவாவது வாய் இருந்திருக்கும்.

ஆகவே முதலில் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்க எண்ணிக்கை. ஆண்டு இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். அந்தப் பட்டியலை நூலகத்துக்கு எழுதி அனுப்பி, எது அவர்களிடம் இல்லை, எதை வாங்கிக்கொள்வார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். அரிய நூல் பகுதிக்குப் போனால் வீட்டுக்கு எடுத்துப்போகத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நீங்கள் வெளியாள் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்கவும் வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் கோபப்படாதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும் என்று தோன்றினால் படம் மட்டும் கொடுத்தாலும் போதும்.

இன்னொன்று, என் சொந்த மடத்தனம். 1950களின் நாடக நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று டவுனில் ஒரு கடையில் லேமினேட் செய்தேன். அந்தக் காலத்து மலிவுத் தாளிலேயே அமிலம் இருக்கிறது, காற்றில்லாமல் பிளாஸ்டிக்கில் அடைத்தால் அது உள்ளேயே வேலை செய்யும். இப்போது நோட்டீஸ் டீத் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது, பிரிக்கவும் முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான். டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் பசை எழுத்தின் மேல் நிற்கும். துருப்பிடித்த கம்பியைப் பிடுங்கப் போகாதீர்கள், தாளும் சேர்ந்து வரும். டின்னை மட்டும் மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் தகரம் வியர்க்கும். அட்டைப்பெட்டியில் வெள்ளைத் தாள் விரித்து, தரையில் படாமல் அலமாரியில் வையுங்கள். பழைய பசையைத் தின்னத்தான் இராமபாணப் பூச்சி வரும், வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சனிக்கிழமை காலை நான் ஊரில்தான் இருக்கிறேன். வீட்டில் ஆட்சேபம் இல்லை என்றால் வருகிறேன், பட்டியல் போட இரண்டு பேர் இருந்தால் சுலபம். பென்சில் கொண்டு வருகிறேன், பேனா வேண்டாம். அதற்குள் அந்த மலர்களின் தாள்களுக்கு நடுவே மெதுவாகப் பாருங்கள். 'தமிழ் எங்கள் உயிர்' என்று போட்ட சின்ன ரசீது ஏதாவது செருகியிருந்தால் அதை மட்டும் இப்போதே படம் எடுத்து அனுப்புங்கள்.