ஸ்டாண்டப் முக்கால் மணி நேரம் இழுக்கிறதா? ஆள் வரிசையை விடுங்கள்

ஒன்பது பேர் உள்ள உங்கள் டீமில் 15 நிமிட ஸ்டாண்டப் (டீம் தினமும் நின்றபடி வேலை நிலவரம் பேசும் சிறு கூட்டம்) முக்கால் மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆள் வாரியாகச் சுற்றி வருவதை நிறுத்திவிட்டு, போர்டில் (வேலைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை இடமிருந்து வலமாக அடுக்கிய பலகை) இருக்கும் வேலை வாரியாகப் போங்கள். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். முடியும் தறுவாயில் உள்ள வேலையில் தொடங்கி, வலமிருந்து இடமாக வாருங்கள். "இதை முடிக்க என்ன தடை?" என்று மட்டும் கேளுங்கள். தடையில்லாத வேலைக்குப் பேச்சே வேண்டாம்.

"நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்று ஸ்டாண்டப்பில் ஒவ்வொருவரும் பதில் சொல்லும் மூன்று கேள்விகளை ஸ்க்ரம் (டீம் வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) கையேடே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. பல டீம்கள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வருத்தம்தான்.

மேனேஜர் தினமும் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அவருக்குக் கணக்கு ஒப்பிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கே கவனியுங்கள்: பேசுபவர் சக ஊழியரைப் பார்க்கிறாரா, மேனேஜரையா? மேனேஜரைத்தான் என்றால், ஒரு வாரம் வராமல் இருக்கும்படி மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டிய நிலவரத்தைச் சாட்டில் நாலு வரியாக அனுப்பிவிடலாம்.

இருவர் மட்டும் பேச வேண்டிய விஷயம் வந்தால் குறித்து வையுங்கள். அப்புறம் அந்த இருவர் மட்டும் இருந்து பேசட்டும்.

ஒன்று: ஒரே நேரத்தில் இருபது வேலை திறந்து கிடந்தால் இந்த முறையும் இழுக்கும். அப்போது குறைக்க வேண்டியது கையில் எடுக்கும் வேலையின் எண்ணிக்கையை.