முதல் போர்டு கேம் பெட்டி: ஆறு பேர் வீட்டுக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: "வீட்டில் நானும் மனைவியும், 12 வயதுப் பையனும் 8 வயதுப் பெண்ணும். விடுமுறைக்கு அப்பா அம்மா வந்தால் ஆறு பேர். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஆனால் பல்லாங்குழியிலும் தாயத்திலும் அவரை ஜெயிக்க முடியாது. நண்பர் வீட்டில் கட்டான் ஆடியதிலிருந்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் ரேங்க் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பட்டியலில் மேலே இருப்பதை வாங்கலாமா, கட்டானையே வாங்கலாமா?" என்று திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அசுல் ஒன்று, டிக்ஸிட் ஒன்று வாங்குங்கள். விலை கடைக்குக் கடை மாறும். கொஞ்சம் தேடிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து உங்கள் தொகையை ஒட்டி வரும். ஒன்றுதான் முடியும் என்றால் அசுல். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்த பெட்டியை நீங்களே தேர்ந்தெடுக்க அது உதவும்.

முதலில் அந்த ரேங்க் விஷயம். நீங்கள் பார்த்தது போர்டுகேம்கீக் தளத்தின் பட்டியலாகத்தான் இருக்கும். 2000-ல் தொடங்கிய தளம். ஒரு விளையாட்டைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் நானும் அங்கேதான் போவேன். ஆனால் அங்கே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த விளையாட்டுகளிலேயே ஊறியவர்கள். பல வருடம் முதலிடத்தில் இருந்த குளூம்ஹேவன், பத்துக் கிலோவை நெருங்கும் பெட்டி. ஒரே குழு மாதக்கணக்கில் கூடித் தொடர்ந்து ஆட வேண்டிய கதை அது. அதை முந்திய பிராஸ் பர்மிங்ஹாம், இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலை கட்டி, கால்வாயும் ரயில் பாதையும் போடும் ஆட்டம். அற்புதமாக வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் உங்கள் பெண் எழுந்து போய்விடுவாள்.

அதே தளத்தில் ரேங்க்கை விட்டுவிட்டு வேறு இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, 'வெயிட்' என்று 1 முதல் 5 வரை போட்டிருப்பது. விளையாட்டு எவ்வளவு சிக்கலானது என்று சொல்லும் எண் அது. பிராஸ் பர்மிங்ஹாம் 4-ஐ ஒட்டி நிற்கும். அசுல், டிக்கெட் டு ரைட் போன்றவை 2-க்குக் கீழே. உங்கள் வீட்டுக்கு முதல் வருடம் 2-க்குக் கீழே இருப்பது போதும். இன்னொன்று, எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்ற வாக்கெடுப்பு. சதுர அட்டைகளை ஒட்டி வைத்து ஊரும் பாதையும் வயலும் அமைக்கும் கார்கசோன் பெட்டியில் 2 முதல் 5 பேர் என்று அச்சிட்டிருக்கும். ஆடியவர்கள் அதிகம் ஓட்டுப் போட்டிருப்பதோ இரண்டு பேருக்குத்தான். பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணைவிட இதை நான் நம்புவேன்.

குடும்பத்துக்கு என்று தேடுகிறவர்களுக்கு ரேங்க்கைவிட நல்ல வழிகாட்டி, ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் விருது. விமர்சகர்கள் குழு ஒன்று 1979 முதல் ஆண்டுதோறும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. விதிகள் ஒழுங்காகவும் புரியும்படியும் இருக்கின்றனவா என்பதும் அவர்கள் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. ஜெயித்த பெட்டிகளில் சிவப்பு நிறக் காய் ஒன்றைச் சின்னமாகப் போட்டிருப்பார்கள். கட்டான் 1995, கார்கசோன் 2001, டிக்கெட் டு ரைட் 2004, டிக்ஸிட் 2010, கிங்டோமினோ 2017, அசுல் 2018 என்று நான் இங்கே சொல்லப்போகும் பலவும் அந்தப் பட்டியலில் இருப்பவை. காய் கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தால் அது 2011-லிருந்து தனியாகக் கொடுக்கப்படும் விருது. கொஞ்சம் ஆடிப் பழகியவர்களுக்கானது.

இனி உங்கள் கடிதத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் வரி: அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பது. பெட்டி வாங்கும் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. விங்ஸ்பேன் அழகான விளையாட்டு. 170 பறவைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு, அதில் அது என்ன செய்யும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒவ்வொரு கார்டையும் பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால், அம்மா ஆடவில்லை, அவருக்காக வேறொருவர் ஆடுகிறார் என்றுதான் ஆகும். அதனால் ஆடும்போது எழுத்தே தேவைப்படாத விளையாட்டாகப் பாருங்கள். நல்ல வேளையாக, மிகச் சிறந்த குடும்ப விளையாட்டுகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன.

அசுல் அதில் முதல். போர்ச்சுகலில் சுவர்களில் பதிக்கும் வண்ண ஓடுகளை வைத்து மைக்கேல் கீஸ்லிங் உருவாக்கியது. ஐந்து வகை ஓடு, வகைக்கு 20. நாலு பேர் ஆடினால் நடுவில் ஒன்பது வட்டத் தட்டுகள், தட்டுக்கு நாலு ஓடு. உங்கள் முறை வரும்போது ஒரு தட்டிலிருந்து ஒரே நிற ஓடுகள் அத்தனையும் எடுக்க வேண்டும். மீதியை நடுவில் தள்ளிவிட வேண்டும். நடுவில் சேர்ந்ததிலிருந்தும் இதே மாதிரி எடுக்கலாம். எடுத்ததை உங்கள் பலகையில் ஒன்று முதல் ஐந்து ஓடு வரை பிடிக்கும் ஐந்து வரிசைகளில் ஒன்றில் அடுக்க வேண்டும். வரிசையில் இடம் போதாமல் மிஞ்சும் ஓடு கீழே விழும், விழுந்ததற்கு மைனஸ்.

சொன்னால் இவ்வளவுதான். ஆடும்போதுதான் விஷயம் தெரியும். உங்களுக்கு நீலம் இரண்டு போதும், நடுவில் ஐந்து நீலம் குவிந்து கிடக்கிறது. எல்லாரும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தட்டுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. கடைசியில் யாரோ ஒருவர் அந்த ஐந்தையும் எடுத்தே ஆக வேண்டும். அது யார் தலையில் விழும் என்று மூன்று முறை முன்னாலேயே எண்ணிப் பார்க்கிறவர் ஜெயிப்பார். பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுத்தால் எதிராளிக்கு என்ன போய்ச் சேரும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதே இல்லை. உங்கள் அம்மா இரண்டாவது ஆட்டத்திலேயே உங்களைத் திணறடித்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓடுகள் கனமாக, வழவழப்பாக இருக்கும். பையில் கைவிட்டு எடுக்கும் வேலையை உங்கள் பெண்ணுக்குக் கொடுங்கள்.

அசுலில் நாலு பேருக்கு மேல் முடியாது. ஆறு பேரும் கூடும் நாளுக்குத்தான் டிக்ஸிட். 84 கார்டுகள், எல்லாம் படம் மட்டும், கனவில் வருவது போன்ற படங்கள். ஒருவர் தன் கையிலிருக்கும் ஒரு படத்தை மனதில் வைத்து ஒரு குறிப்புச் சொல்வார். மற்றவர்கள் அந்தக் குறிப்புக்குப் பொருந்துகிற மாதிரி தங்கள் கையிலிருந்து ஒன்றைக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கலைத்து விரித்து, சொன்னவருடைய படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்தாலும், ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும், சொன்னவருக்குப் புள்ளி கிடையாது. இந்த ஒரு விதியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. குறிப்பு அப்பட்டமாகவும் இருக்கக் கூடாது, ஒருவருக்கும் புரியாததாகவும் இருக்கக் கூடாது.

குறிப்பு எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. சினிமாப் பாட்டின் ஒரு வரி, பழமொழி, ஊரில் நடந்த ஒரு சம்பவம், வெறும் 'உம்ம்' என்ற சத்தம், எல்லாம் செல்லும். தாத்தா 'கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை' என்று சொன்னால் உங்கள் மனைவிக்குப் பிடிபடும், 8 வயதுப் பெண்ணுக்குப் பிடிபடாது. அப்போது தாத்தாவுக்குப் புள்ளி. மூன்று தலைமுறை ஒன்றாக உட்காரும் வீட்டில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை. மூன்று பேராவது வேண்டும், அதற்கு மேல் எண்ணிக்கை கூடக் கூட நன்றாக இருக்கும்.

சரி, கட்டான். கிளாஸ் டாய்பர் 1995-ல் கொண்டுவந்த இந்த விளையாட்டுதான் ஜெர்மனிக்கு வெளியே இந்தப் பொழுதுபோக்குக்கே வாசலைத் திறந்துவிட்டது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் இருக்கும் பேரம், 'ஒரு ஆடு தர்றேன், ஒரு செங்கல் தர்றியா' என்ற அந்தப் பேச்சு, வேறு எதிலும் இவ்வளவு இயல்பாக வராது. ஆனால் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நாலு பேருக்கு மட்டும். நீங்களும் மனைவியும் மட்டும் ஆட முடியாது. ஐந்து, ஆறு பேருக்குத் தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டும், அப்படி ஆடினால் நேரம் இழுக்கும். அதோடு, தொடக்கத்தில் வீடு வைக்கும் இடத்திலேயே பாதி ஆட்டம் தீர்மானமாகிவிடும். பலகையில் நிலங்களுக்கு எண் போட்டிருக்கும், பகடையில் அந்த எண் விழுந்தால்தான் பக்கத்தில் வீடு வைத்தவருக்குப் பொருள் சேரும். இரண்டு பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 36 விதங்களில் 6-க்கு ஐந்து, 8-க்கு ஐந்து. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றுதான். 12 பக்கத்தில் வீடு வைத்த குழந்தை ஒரு மணி நேரம் கையில் ஒன்றும் சேராமல் உட்கார்ந்திருக்கும். 7 விழுந்தால் வந்து பொருளைப் பறிக்கும் திருடன் வேறு. உங்கள் பையனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். பெண்ணுக்குப் பத்து வயதாகட்டும், அப்போது வாங்குங்கள்.

அதற்கு முன் மூன்றாவது பெட்டியாக டிக்கெட் டு ரைட் வாங்கலாம். ஆலன் மூன் வடிவமைத்தது, 2 முதல் 5 பேர். உங்கள் முறையில் மூன்றில் ஒன்று செய்ய வேண்டும்: வண்ண ரயில் கார்டு எடுப்பது, கார்டைக் கொடுத்து இரண்டு ஊருக்கு இடையே பாதையைப் பிடிப்பது, எந்த இரண்டு ஊரை இணைக்க வேண்டும் என்று சொல்லும் புது டிக்கெட் எடுப்பது. நீளப் பாதைக்கு மதிப்பு அதிகம், ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு 1 புள்ளி, ஆறு ரயில் பெட்டி நீளத்துக்கு 15. ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், டிக்கெட்டிலேயே சின்ன வரைபடத்தில் இரண்டு ஊரையும் குறித்துக் காட்டியிருப்பார்கள். படம் பார்த்தே அம்மாவால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

கைச்செலவு இன்னும் குறைய வேண்டும் என்றால் கிங்டோமினோ. சின்னப் பெட்டி, இரண்டு சதுரம் ஒட்டிய 48 டோமினோ கட்டை, கால் மணியில் ஓர் ஆட்டம், எழுத்தே இல்லை. நல்ல கட்டையை எடுத்தால் அடுத்த சுற்றில் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற ஒரே யோசனை மொத்த ஆட்டத்தையும் தாங்குகிறது.

வாங்காமலே ஆடக்கூடியதும் ஒன்று உண்டு. 2019-ல் விருது வாங்கிய ஜஸ்ட் ஒன். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் ஒரு சொல்லைப் பார்த்து ஆளுக்கு ஒரு துப்பு எழுத வேண்டும். ஒரே துப்பை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். மிச்சத்தை வைத்து அவர் கண்டுபிடிக்க வேண்டும். சொல் 'மாங்காய்' என்று வையுங்கள். இரண்டு பேர் 'ஊறுகாய்' எழுதியிருப்பார்கள், இரண்டும் போச்சு. மிஞ்சியது 'சித்திரை', 'கல்', 'புளிப்பு'. பெட்டியில் இருக்கும் சொற்கள் ஆங்கிலம் என்பதால் நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சிலேட்டும், நீங்களே துண்டுச் சீட்டில் எழுதிய தமிழ்ச் சொற்களும் போதும்.

உங்கள் அப்பா 304, 28 என்று சீட்டு ஆடிப் பழகியவராக இருந்தால் தி க்ரூ என்ற சின்னப் பெட்டியையும் மனதில் வையுங்கள். துருப்பு, பிடி எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். இங்கே எல்லாரும் ஒரே அணி, யார் எந்தச் சீட்டைப் பிடிக்க வேண்டும் என்று குறி வைத்து ஆட வேண்டும், கையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம்.

வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற பெட்டிகள் எல்லாவற்றுக்கும் போலி வந்துவிட்டது. மற்ற இடங்களில் இருப்பதில் பாதி விலைக்கு ஒருவர் புதுப் பெட்டி தருகிறார் என்றால் சந்தேகப்படுங்கள். வந்ததும் பிரித்துப் பாருங்கள்: அட்டை மெலிந்து வளைகிறதா, வெட்டிய ஓரம் படத்தை விட்டு விலகியிருக்கிறதா, விதிப்புத்தகத்தில் எழுத்து மங்கலாக இருக்கிறதா, கார்டுகளின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று மாறுகிறதா. பின்பக்கம் மாறினால் ஆட்டமே கெட்டது, எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படியிருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க போர்டு கேம் அரீனா என்ற தளம் இருக்கிறது. அசுல், கிங்டோமினோ, கார்கசோன் எல்லாம் அங்கே உண்டு. கட்டணம் இல்லாமலே நிறைய ஆடலாம். நீங்களும் பையனும் இரண்டு ஆட்டம் போட்டுவிட்டால் விதி கைவசமாகிவிடும். விளையாட்டு அன்றைக்குச் சொல்லிக்கொடுக்க அது பெரிய உதவி. குடும்பத்தை உட்கார வைத்துவிட்டு விதிப்புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்குவதால்தான் பல வீடுகளில் முதல் ஆட்டமே கடைசி ஆட்டமாகிவிடுகிறது. முந்தின இரவே ஒருவர் படித்து, பலகையைப் பரப்பி, தானே இரண்டு கையாக ஆடிப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடத்தில் சொல்லி, முதல் சுற்றை எல்லார் கையும் திறந்த மாதிரி ஆடிக் காட்டலாம். கார்கசோன் ஆடினால், வயலில் படுக்க வைக்கும் ஆள் வடிவக் காய்க்கான புள்ளிக் கணக்கை முதல் சில ஆட்டங்களுக்கு விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் ஆட்டம் நன்றாகவே நடக்கும்.

ஆடும்போது மிக்சரும் முறுக்கும் தள்ளியே இருக்கட்டும், எண்ணெய்க் கை பட்ட கார்டை மீட்க முடியாது. கார்டுக்கு உறை வாங்குவது, அடிக்கடி கலைக்கும் சீட்டு வகை விளையாட்டுகளுக்கு மட்டும் போதும்.

கூடுதல் பெட்டிகளை, அதாவது ஏற்கெனவே இருக்கும் விளையாட்டோடு சேர்த்து ஆடுபவற்றை, இந்த வருடம் தொட வேண்டாம். டிக்கெட் டு ரைட்டில் 1911-ம் ஆண்டு இந்தியாவின் ரயில் வரைபடம் ஒன்று இருக்கிறது. பார்த்ததும் அதைத்தான் முதலில் வாங்கத் தோன்றும். அதில் ரயில்களும் வண்ண ரயில் கார்டுகளும் கிடையாது. அடிப்படைப் பெட்டி வீட்டில் இருந்தால்தான் அதை ஆட முடியும், அதுவும் நாலு பேர் வரைதான்.