அலுவலகக் கணினிகளுக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறோம். 14 கணினிகள், டேலி கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்று. பக்கத்து யூனிட்டில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டது. எங்களிடம் இருப்பது வீட்டுக் கணினிக்கான ஆன்டிவைரஸ்தான். எதை வாங்கலாம்?

பதில்: பிராண்டுக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கணக்காளரின் கணினியில் உட்கார்ந்து, இருக்கிற ஆன்டிவைரஸை அணைக்க முயன்று பாருங்கள். இரண்டு கிளிக்கில் அணைந்துவிட்டால், உள்ளே நுழைகிறவனுக்கும் அதே இரண்டு கிளிக்தான்.

சிறு நிறுவனங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காக சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 என்ற போர்ட் (இணைப்பு வாசல்) எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு அதற்கு எம்மாத்திரம்? அட்மினாக உள்ளே வந்ததும் முதல் வேலை ஆன்டிவைரஸை நிறுத்துவது. அடுத்து, விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிப்பது. அதன் பிறகுதான் பூட்டும் நிரலை ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் இரவிலோ விடுமுறை நாளிலோ, அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

அதனால் தொழில் நிறுவனங்களுக்கான ‘எண்ட்பாயிண்ட்’ பதிப்பையே வாங்குங்கள். அதில் எல்லாக் கணினிகளும் ஒரே கன்சோலில், அதாவது ஒரே நிர்வாகத் திரையில், தெரியும். அமைப்புகளை அங்கிருந்துதான் மாற்ற முடியும். கணினியில் அட்மினாக இருப்பவரால்கூட தனி பாஸ்வேர்டு இல்லாமல் அதை நீக்க முடியாதபடி பூட்டி வைக்கலாம். கன்சோலுக்குள் நுழைய ஓடிபி கட்டாயம் இருக்கட்டும்.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: புதிதாக வந்த, யாரும் பார்த்திராத ரான்சம்வேரை இது எப்படிப் பிடிக்கும்? ஒரு நிரல் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றி எழுதுகிறது, பழைய நகல்களை அழிக்கப் பார்க்கிறது என்றால், அந்த நடத்தையை வைத்தே அதை நிறுத்த வேண்டும். சோஃபோஸ் இன்டர்செப்ட் எக்ஸ், பிட்டிஃபெண்டர் கிராவிட்டிசோன் போன்றவற்றில் அதுவரை பூட்டப்பட்ட கோப்புகளை மீட்டுத் தரும் வசதியும் உண்டு. புனேயின் குவிக் ஹீல் நிறுவனத்தின் செக்ரைட், சென்னையின் கே7 ஆகியவற்றிலும் தொழில் பதிப்புகள் இருக்கின்றன. உள்ளூரில் டீலர், கூப்பிட்டால் வரும் ஆள் என்பதெல்லாம் உங்கள் அளவு நிறுவனத்துக்குப் பெரிய விஷயம். அதையும் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகங்களின் முடிவுகளையும் பாருங்கள். ஆனால் முன்னணித் தயாரிப்புகளுக்கு இடையே அங்கே வித்தியாசம் கொஞ்சம்தான்.

லைசென்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ‘குடோனில் இருக்கிற பழைய கணினிக்கு எதற்கு?’ என்று ஒன்றை விட்டுவிடுவார்கள். அந்த ஒன்றிலிருந்தே சர்வரின் ஷேர் ஃபோல்டரைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியாகப் பூட்டிவிடலாம். பூட்டும் நிரல் சர்வரில் ஓடவே ஓடாது என்பதால் சர்வரில் இருக்கும் பாதுகாப்பு ஏமாறக்கூடும். சர்வரையும் சேர்த்து 15 லைசென்ஸ் வேண்டும். சர்வருக்கானது பெரும்பாலும் தனி வகை. விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதைக்குப் பணம் இல்லையென்றால்? விண்டோஸிலேயே வரும் டிஃபெண்டர் மோசமில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கும். வழக்கமாக அது அணைந்தே இருக்கும். அதை இயக்கி, டேலி டேட்டா ஃபோல்டரைப் பட்டியலில் சேர்த்தால், அனுமதி இல்லாத நிரல் எதுவும் அந்த ஃபோல்டரில் எழுத முடியாது. டேலியையே அது தடுத்தால், அனுமதித்த நிரல்களில் டேலியைச் சேர்த்துவிடுங்கள். எரிச்சலில் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறவர்களே அதிகம். சர்வர் அல்லாத கணினிகளில் வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், இந்த வசதியும் போய்விடும். மத்திய கன்சோல் வேண்டுமென்றால் கட்டணமுள்ள ‘டிஃபெண்டர் ஃபார் பிசினஸ்’ இருக்கிறது, 300 பேர் வரை.

எதை வாங்கினாலும் 3389-ஐ இணையத்திலிருந்து மூடுங்கள். வெளியிலிருந்து வேலை செய்ய விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு, அதற்கு ஓடிபி. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைச் சுற்றியது. அது பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். பேக்கப் ஹார்டு டிஸ்க் எப்போதும் சர்வரில் செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

மீறி வந்துவிட்டால் நெட்வொர்க் கேபிளை உடனே பிடுங்குங்கள், எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. பூட்டைத் திறக்கும் இலவசக் கருவி ஏதும் இருக்கிறதா என்று ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் தேடுங்கள். சில வகைகளுக்கு உண்டு.

சரி, வாங்கும் முன் இரண்டு நிறுவனங்களிடம் சோதனைப் பதிப்பு கேளுங்கள். ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு இலவசமாகக் கிடைக்கும். வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் அநேகமாக எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பாவித்துக் குரல் கொடுக்கும். ஞாயிறு இரவு அதை ஒரு கணினியில் போட்டுவிட்டு, எச்சரிக்கை யாருடைய போனுக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். மறுநாள் கணக்காளரிடம் சொல்லி அந்த மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். அவரால் முடியாமல் போய், எச்சரிக்கையும் உங்கள் போனுக்கு ஒழுங்காக வந்தால், அந்த நிறுவனத்தோடு விலை பேசலாம்.