கால்சியம் 7.9 என்றதும் ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு 54 வயது. முழு உடல் பரிசோதனையில் ரத்தத்தில் கால்சியம் 7.9, ஆல்புமின் 3.0 என்று வந்திருக்கிறது. கை கால் மரத்துப்போவதில்லை. ஆனால் லேப்பில், ‘எலும்பு தேய ஆரம்பித்துவிட்டது, ஸ்கேன் எடுத்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். ரிப்போர்ட்டில் கால்சியத்தோடு ஆல்புமினையும் பார்த்து எழுதினீர்களே, பதில் அதில்தான் இருக்கிறது.

ரத்தத்திலுள்ள கால்சியத்தில் கிட்டத்தட்ட பாதி, புரதத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்தப் புரதத்தில் முக்கியமானது ஆல்புமின். நரம்புக்கும் தசைக்கும் உதவுவது தனியாகத் திரியும் கால்சியம்தான். வழக்கமான பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். அதனால் ஆல்புமின் குறைந்தாலே கால்சியமும் குறைந்ததுபோல் காட்டும். ஆல்புமின் 4-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கூட்டிப் பார்ப்போம். உங்களுக்குக் குறைவது 1. ஆக, 7.9-உடன் 0.8 சேர்த்தால் 8.7. பெரும்பாலான லேப்களில் 8.5-க்கு மேல் இருந்தால் சரி. இத்தனை பக்கம் அச்சடிப்பவர்களுக்கு இந்த ஒரு கூட்டலைப் போட்டுத் தர மனம் வருவதில்லை.

இந்தக் கணக்கு தோராயமானதுதான். சந்தேகம் இருந்தால், தனியாகத் திரியும் கால்சியத்தை மட்டும் அளக்கும் ‘அயனைஸ்டு கால்சியம்’ பார்க்கலாம். அதற்கு ரத்தம் காற்றுப் படாமல் உடனே கருவிக்குப் போக வேண்டும். வீட்டில் எடுத்து, பைக்கில் ஊரெல்லாம் சுற்றிவரும் குழாயை நம்பாதீர்கள்.

அப்புறம் அந்த ஸ்கேன். உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் உடல் அங்கிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். எலும்பு மெலிந்த பலருக்கு ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் வேறு கேள்விக்கான பதில். இலவச முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி எலும்பு அடர்த்தி ‘மைனஸ் 2’ என்று சீட்டு கொடுப்பார்கள். பக்கத்து மேசையிலேயே மாத்திரை விற்பார்கள். அந்தச் சீட்டோடு அழுதபடி வருபவர்களைத் தேற்றுவதிலேயே என் பாதி நாள் போகிறது.

ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன்: சமீபத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனதா? ஆகியிருந்தால் நான் சொன்ன ‘வேண்டாம்’ செல்லாது. தைராய்டின் பின்னால் பருப்பளவில், ரத்தத்தின் கால்சியத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபரேஷனில் அவை அடிபட்டால் ஓரிரு நாளில் கால்சியம் மளமளவென்று இறங்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். கையில் பிபி பட்டையை இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால் விரல்கள் கூம்பிக்கொள்கின்றனவா என்றுகூடப் பார்ப்போம். அப்போது கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ஊசி உண்மையிலேயே தேவைப்படும் இடம் அது. அதையும் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே மெதுவாக ஏற்றுவார்கள். படுக்கை காலியாக வேண்டும் என்பதற்காகக் கால்சியம் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

கால்சியம் நிஜமாகவே குறைவென்றால் மக்னீசியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. ஆல்புமின் ஏன் 3.0-க்கு இறங்கியது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.