இணைக்காத சோலார் பனலில் பொறி பறந்தது ஏன்?

வாசகியின் கேள்வி: "எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலில் இருந்து கூப்பிடு தூரம். முன்பக்கம் கொங்கிறீற் தட்டு, பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் சீற். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்ப, 5 கிலோவாற் சோலார் போட ஒருவரிடம் பேசி முற்பணமும் கொடுத்துவிட்டோம். 550 வாற் பனல்கள் பத்து வந்து முற்றத்தில் இருக்கின்றன. போன கிழமை மகன் ஒரு பனலின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டு இழுத்தான். பட்டென்று பொறி பறந்தது. ஒன்றிலும் இணைக்காத பனலில் எப்படிக் கரண்ட் வரும்? கூலியைக் குறைக்க, பனல்களை ஏற்றிப் பூட்டுவதையும் பிறகு கழுவுவதையும் என் கணவரும் மகனுமே செய்யலாம் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. செய்யலாமா?"

பதில்:

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. மகனின் கையில் பறந்த அந்தப் பொறியை இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கப்படுத்தினால் மிச்சத்தில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சோலார் பனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்ட நிமிடமே அது கரண்ட் உண்டாக்கத் தொடங்கிவிடும். கூரையில் ஏற்றினாலும் சரி, முற்றத்தில் சாத்தி வைத்தாலும் சரி, அதற்கு ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் அளவுப் பனல் ஒன்றின் இரண்டு முனைகளுக்கு இடையில் ஏறத்தாழ 50 வோல்ற் இருக்கும். முனைகளைப் பொருத்தினால் நல்ல வெயிலில் 13, 14 அம்பியர் ஓடும். பொருத்தும்போது ஒன்றும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் கரண்டை இழுத்துப் பிரிக்கும்போதுதான் பொறி. அதனால் பனல் பழுதாகியிருக்காது. ஆனால் அந்த இரண்டு கொனெக்டர்களின் உள்ளே இருக்கும் உலோக முனைகளை வேலைக்காரரிடம் காட்டுங்கள். கருகியிருந்தால் மாற்றித்தான் பாவிக்க வேண்டும். கருகிய முனை கூரையில் வருடக்கணக்காகச் சூடேறிக் கொண்டிருக்கும். சோலார் கூரைகளில் தீ பிடிப்பதற்கு இப்படிப்பட்ட கெட்ட இணைப்புகள் ஒரு முக்கிய காரணம்.

இப்போது பத்துப் பனல்களையும் வரிசையாகத் தொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 50 வோல்ற் பத்துத் தடவை கூடி 500 வோல்ற் ஆகிவிடும். வீட்டுச் சுவரில் இருக்கும் 230 வோல்ற்றுக்கே நாம் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். இது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் நேரோட்டம், எலக்ட்ரீசியன்மார் டிசி என்று சொல்வது. மின்சார சபையின் கரண்ட் ஆடலோட்டம், அதாவது ஏசி. அது ஒரு செக்கனில் 100 தடவை பூச்சியத்துக்குப் போய் வருவதால், சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறி உடனே அறுந்துவிடும். நேரோட்டத்துக்கு அந்தப் பூச்சியமே இல்லை. வயரை இழுத்துப் பிரித்தால் இடைவெளியில் வெல்டிங் பிடிப்பதைப் போல நெருப்பு நின்று எரியும். செம்பையே உருக்கும்.

வீட்டு மெயின் போர்ட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் இதில் நம்மைக் காப்பாற்றாது. அது மின்சார சபைப் பக்கத்துக்கு மட்டும் காவல். டிசி பக்கத்தில் கசிவு வந்தால், பனலின் டிசியை வீட்டு ஏசியாக மாற்றும் இன்வேர்ட்டர் அதைக் கண்டுபிடித்துத் தான் நின்றுகொள்ளும். ஆனால் கூரையில் இருக்கும் பனலை அதனால் நிறுத்த முடியாது. கரண்ட் போன வீட்டில் எல்லாம் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கூரை வயரைத் தொடுவதுதான் நம் ஆட்கள் விடும் பெரிய பிழை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: தூக்கிக் கொடுப்பதும் கழுவுவதும் செய்யலாம், முறையாக. பூட்டுவதும் வயர் தொடுப்பதும் வேண்டாம். அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் பனல் ஒன்று 27, 28 கிலோ பாரம். நீளம் இரண்டேகால் மீற்றருக்கு மேல், அகலம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட. பாரத்தைவிட அதன் பரப்புத்தான் தொல்லை. மத்தியானக் கடற்காற்று எழும்பினால் இரண்டு ஆம்பிளைகளையும் சேர்த்துத் தள்ளிவிடும். காலையில், காற்று அடங்கியிருக்கும்போது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். வயரில் தொங்கவிடக் கூடாது. பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியில் கை வைக்கக் கூடாது. தலையில் சுமக்கக் கூடாது. கண்ணாடி வளைந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். ஏற்றும் நாள் வரைக்கும் பனல்களை நிமிர்த்தி, சரியாமல் கட்டி வையுங்கள். கொனெக்டர் முனைகளுக்கு மூடி இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரேப் சுற்றுங்கள். அது மண்ணையும் உப்பையும் தடுக்கும், பிள்ளைகள் மறுபடி பொருத்திப் பார்ப்பதையும் தடுக்கும்.

பனலைவிடவும் என்னைப் பயப்படுத்துவது அதைத் தாங்கும் அலுமினிய றெயில்கள். நாலு, ஐந்து மீற்றர் நீளமான தண்டை ஏணியடியில் நிமிர்த்தும்போது, ஒழுங்கையில் போகும் மின்சார சபை வயரில் முட்டினால் பிடித்திருப்பவர் தப்புவது அதிர்ஷ்டம். நம் பக்கத்தில் பல ஒழுங்கைகளில் இன்னும் உறை இல்லாத வெறும் கம்பிதான் ஓடுகிறது. தண்டுகளைப் படுக்கைவாக்கில், வயர் இல்லாத பக்கத்தால் ஏற்றச் சொல்லுங்கள்.

எங்கே பூட்டுவது? கொங்கிறீற் தட்டில். அஸ்பெஸ்டஸ் பக்கத்தை விட்டுவிடுங்கள். பத்துப் பனலுக்கு ஏறத்தாழ 26 சதுர மீற்றர் வேண்டும், நடமாட இடமும் வேண்டும். தட்டில் அவ்வளவு இல்லாவிட்டால் இரண்டு பனலைக் குறைத்துக் கொள்வது நல்லது. ஆனால் எட்டுப் பனலின் வோல்ற் அளவு உங்கள் இன்வேர்ட்டருக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் பழசாகப் பழசாக நொறுங்கும். அதில் கால் வைத்து உள்ளே விழுந்து முதுகை முறித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். துளை போடும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட வரலாம். வேறு வழியே இல்லை என்றால், சீற்றில் மிதிக்காமல் கைமரத்தின் குறுக்கே பலகை போட்டு, மாஸ்க் போட்டு, துளையிடும் இடத்தை நனைத்து, மெதுவான துரப்பணத்தால் செய்ய வேண்டும். பிடிமானம் சீற்றில் இருக்கவே கூடாது. சீற்றைத் தாண்டிக் கைமரத்தில் இறங்க வேண்டும்.

தட்டில் பூட்டும்போது, "நல்லா நிமிர்த்தி வைத்தால் நிறையக் கரண்ட் வரும்" என்று சொல்லி உயரமான சட்டம் அடிக்க யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில். தெற்கு நோக்கி 10 பாகை சாய்வு போதும், மழைத் தண்ணீரும் வழிந்தோடிவிடும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு பனலின் முகத்துக்கு நேராக மோதினால் தள்ளுகை 120 கிலோ பாரத்துக்குச் சமம். பத்துப் பனலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றித் திருகோணமலைப் பெரியவர்கள் இன்றைக்கும் கதைப்பார்கள். 2020 டிசம்பரில் புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது, உங்கள் வீட்டில் இருந்து அதிக தூரமில்லை. பனல் எதுவும் தட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கால்கள் கொங்கிறீற்றுக்குள் அங்கர் போல்ற்றால் இறங்க வேண்டும், துளையைச் சுற்றி நீர் கசியாமல் அடைக்க வேண்டும். பனலுக்கும் தட்டுக்கும் இடையில் காற்று ஓடவும் வேண்டும், ஏனென்றால் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்து வெயிலில் பனலின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். சூடு ஏற ஏறப் பனல் தரும் மின்சாரம் குறையும்.

அப்புறம் உப்பு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருப்பவர்கள் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, பனலுக்கு உப்புக் காற்றுச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்பது. ஐஇசி 61701 என்ற இலக்கம் பனலின் விபரத்தாளில் இருக்கும். இல்லாவிட்டால் இப்போதே விற்றவரிடம் கேளுங்கள். போல்ற், நட்டு எல்லாம் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருக்க வேண்டும், முடிந்தால் 316 என்ற ரகம். சாதாரண இரும்பு ஆணியை அலுமினியச் சட்டத்தில் முறுக்கினால் உப்பு ஈரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பூட்டிய வருடம் பளபளவென்று இருக்கும் கிளாம்ப் மூன்றாவது மாரியில் கையோடு கழன்று வருவதை நிலாவெளிப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

எர்த் விஷயத்தில் நம் மணல் தரை ஒரு தனிப் பிரச்சினை. காய்ந்த மணலில் எர்த் கம்பியை நட்டால் நட்டதாகத்தான் இருக்கும், கரண்டை நிலத்துக்குக் கடத்தாது. கம்பி ஈர மண் வரை இறங்க வேண்டும். உங்கள் கிணற்றில் கோடையில் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள், அதுதான் அளவு. முடிந்ததும் மீற்றர் வைத்து அளந்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். "ஓகே அக்கா, நல்ல எர்த்" என்ற வாய்ப் பேச்சை ஏற்காதீர்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேர இடி நமக்குப் பழக்கமானது. டிசி பக்கமும் ஏசி பக்கமும் மின்னல் தடுப்புச் சாதனம் போட்டிருக்க வேண்டும்.

வயர் வேலையில் நீங்களே பார்க்கக் கூடியவை சில உண்டு. ஒன்றோடொன்று பொருந்தும் கொனெக்டர்கள் இரண்டும் ஒரே கம்பனியாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பனி பொருந்துவது போலத் தெரியும், உள்ளே தளர்ந்து சூடேறும். டிசி பிரேக்கரின் மேல் டிசி என்றும் எத்தனை வோல்ற் என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண வீட்டுப் பிரேக்கரை அந்த இடத்தில் கண்டால் வேலையை நிறுத்துங்கள். வயர்கள் தட்டில் புரளாமல் குழாய்க்குள் போக வேண்டும். அணில் கடிக்கும், குரங்கு இழுக்கும், வெயிலில் பிளாஸ்ரிக் கட்டு இரண்டு வருடத்தில் நொறுங்கும். இன்வேர்ட்டரை நிழலான, காற்றோட்டமான சுவரில் பூட்டச் சொல்லுங்கள். குசினியில் வேண்டாம், மாரியில் வெள்ளம் ஏறும் உயரத்துக்குக் கீழேயும் வேண்டாம். வேலை எடுத்தவர் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். மின்சார சபை வந்து பார்த்து மீற்றரை மாற்றும் முன் இன்வேர்ட்டரை ஓடவிடக் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் நிறுத்தும் முறை தெரிந்திருக்க வேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில், பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டபோது எத்தனையோ வீடுகளில் எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் நின்றார்கள். முதலில் ஏசி பிரேக்கர். இன்வேர்ட்டர் கரண்ட் இழுப்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு டிசி ஐசோலேற்றர், அதாவது பனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். மாற்றிச் செய்தால் ஓடும் கரண்டை வெட்டுகிறீர்கள். திரும்பப் போடும்போது இன்வேர்ட்டர் புத்தகத்தில் உள்ள ஒழுங்கைப் பின்பற்றுங்கள். இரண்டு ஒழுங்கையும் தமிழில் எழுதி இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பற்றரி இல்லாத சோலார், லைன் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஜெனரேற்றரை ஏதாவது பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றினால், இன்வேர்ட்டர் அதை லைன் கரண்ட் என்று ஏமாந்து ஓடத் தொடங்கும். ஜெனரேற்றரும் இன்வேர்ட்டரும் எரியலாம், மெயினை நிறுத்தாவிட்டால் கம்பத்தில் நிற்பவருக்கும் அடிக்கும். லைன், ஜெனரேற்றர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேற்றரே வேண்டாம்.

கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சூட்டில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். உங்கள் பக்கத்துக் கிணறுகள் பலதும் சவர். அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடித்துவிடும், பிறகு சுரண்டினாலும் போகாது. குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர், நீளப் பிடியுள்ள மெல்லிய தூரிகை, இவ்வளவும் போதும். சோப்புத் தூள், கம்பி நார், அமுக்கத்தில் பீச்சும் மெஷின் வேண்டாம். பனலில் மிதிக்கவோ முழங்கால் வைக்கவோ கூடாது. மார்கழி மழை நன்றாகக் கழுவிவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரைதான் கச்சானோடு தூசு அப்பும், அப்போது இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். காக்கை எச்சத்தை மட்டும் காலம் பாராமல் துடையுங்கள். எச்சம் மூடிய சிறு பகுதி கரண்ட் உண்டாக்காமல், மற்றப் பகுதியின் கரண்டால் சூடாகிக் கருகும். முதலில் கண்ணால் பாருங்கள்: வெடிப்போ, உரிந்த வயரோ தெரிந்தால் தண்ணீரைக் கையிலேயே எடுக்க வேண்டாம்.

தேங்காய் விழுந்தோ புயலில் எதுவும் பறந்து வந்தோ கண்ணாடி உடைந்தால், அந்தப் பனல் உடைந்த பிறகும் கரண்ட் உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கும். ஈரமாக இருந்தால் சட்டத்திலும் கரண்ட் இருக்கலாம். கீழே நின்று ஏசியையும் பிறகு டிசியையும் நிறுத்துங்கள், பிள்ளைகளைத் தட்டுக்கு ஏற விடாதீர்கள், பூட்டியவரைக் கூப்பிடுங்கள். வெள்ளம் இன்வேர்ட்டரைத் தொட்டிருந்தால் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி சுவிட்சைத் தேட வேண்டாம். புகை, தீ என்றால் வீட்டை விட்டு வெளியே வந்து 110க்கு அழைத்து, கூரையில் சோலார் இருக்கிறது, பகலில் அதை முழுதாக நிறுத்த முடியாது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டால் 1990. லைன் பக்கம் ஏதும் அறுந்து தொங்கினால் மின்சார சபையின் 1987. இந்த மூன்று இலக்கங்களையும் நிறுத்தும் ஒழுங்கு எழுதிய தாளின் அடியிலேயே பெரிதாக எழுதுங்கள்.