வாசகர் கேள்வி-பதில்: பழைய ஸ்டார் ட்ரெக்கை இன்றைக்கு எப்படிப் பார்ப்பது?

கே: இன்ஜினியரிங் படிக்கும் என் மகனுக்கு 1966-இல் வந்த ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரைப் போட்டுக் காட்டினேன் சார். பாறையெல்லாம் அட்டை என்று சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து போய்விட்டான். எந்த எபிசோடில் ஆரம்பித்திருக்க வேண்டும்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

ப: சிரித்தால் சிரிக்கட்டும், பாறை செட்டுதானே. கையில் இருந்த பணத்தில் வாராவாரம் ஒரு புதுக் கிரகத்தைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியில் எடுத்த தொடர் அது. விண்கப்பலை ஒவ்வொரு கிரகத்திலும் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால்தான் ஆளை ஒளியாகக் கரைத்துக் கீழே அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரையே யோசித்தார்கள், அதனால் கதை இறங்கி ஏறும் நேரமும் மிச்சமாகி நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறது. உங்களுக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறதே, அதில் பெண் வேடம் கட்டியிருப்பது ஆண் என்று கூட்டத்தில் இருக்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் பிரகலாதனுக்காக அம்மா அழும்போது கூட்டம் கூடவே கலங்குகிறது. அந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒளிபரப்பான ‘தி மேன் டிராப்’பில் தொடங்க வேண்டாம். எடுத்த வரிசை வேறு, ஒளிபரப்பிய வரிசை வேறு, அதனால் அதை முதலில் பார்ப்பதில் தனி லாபம் எதுவும் கிடையாது. 1966 டிசம்பரில் வந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ போடுங்கள். நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை விண்வெளிக்குக் கொண்டுபோன கதை, கண்ணுக்குத் தெரியாத எதிரிக் கப்பலும் இவர்கள் கப்பலும் மாறி மாறி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எதிரிக் கப்பலின் கமாண்டராக மார்க் லெனார்ட் நடித்திருக்கிறார், பெயர்கூடச் சொல்லப்படாத அந்த மனிதர் மேல் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. எதிரியின் முகம், இவர்கள் கப்பலில் இருக்கும் வேற்றுக்கிரக அதிகாரி ஸ்போக்கின் முகம் மாதிரியே இருக்கிறது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து சொந்தக் கப்பலிலேயே ஒருவன் ஸ்போக்கைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிக்கிறான் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் மகன் பாறையைப் பற்றிப் பேசமாட்டான்.

கே: திருவாரூர்ப் பக்கம் வயலுக்கு நடுவில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் குழாய் இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ‘தி டெவில் இன் தி டார்க்’ எபிசோடைப் பார்த்துவிட்டு எழுதிய விமர்சனத்தில் அதையும் எழுதினேன். இது விமர்சனமே இல்லை, உன் ஊர்க்கதை என்கிறார்கள் தோழிகள். அப்படியா?
- ஒரு வாசகி, திருவாரூர்

ப: உங்கள் தோழிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஊரைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் எபிசோடைப் பற்றி எழுதி முடித்துவிட வேண்டும், அதில் மட்டும் நான் கறார்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1967 மார்ச்சில் வந்தது. பூமிக்கு அடியில் தோண்டி கனிமம் எடுக்கும் ஒரு கிரகத்தில் தொழிலாளிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாறையை அமிலத்தால் கரைத்துக்கொண்டு நகரும் ஏதோ ஒன்று கொல்கிறது, அதை ஒழித்துக்கட்டத்தான் கேப்டன் கிர்க்கும் ஸ்போக்கும் வருகிறார்கள். சுரங்கத்தில் கிடைத்த உருண்டை உருண்டையான கற்களை ஒன்றுக்கும் ஆகாது என்று தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவும் முட்டைகள். கொன்றுகொண்டிருந்தது ஒரு தாய்.

இந்தத் திருப்பத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் நீங்கள் அதற்குச் சற்று முன்னால் வரும் இடத்தைத் திரும்ப ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் கொன்றே ஆகவேண்டும் என்கிறவர் கிர்க், உயிரோடு பிடிக்க முடியுமா என்று தயங்குகிறவர் ஸ்போக். பிறகு குகையில் அந்தப் பிராணியும் கிர்க்கும் தனியாக எதிரெதிரே நிற்கும்போது ஸ்போக் கருவி வழியாகப் பதறுகிறார், சுட்டுவிடுங்கள் என்கிறார். துப்பாக்கி கையில் இருந்தும் கிர்க் சுடவில்லை. இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள். நண்பனுக்கு ஆபத்து என்றதும் ஸ்போக்கின் தர்க்கம் எங்கே போயிற்று? நேரில் பார்த்ததும் கிர்க்கின் கோபம் எங்கே போயிற்று? ஒரு வசனம்கூட இதை விளக்குவதில்லை, அதுதான் இந்த எபிசோடின் உயரம். அப்புறம் ஸ்போக் அதன் மேல் கைவைத்து, அதன் மனதோடு தன் மனதைக் கலந்து, அதன் வலியைத் தன் வாயால் கத்துகிற காட்சி. அந்தப் பிராணி பார்ப்பதற்குத் தரையில் ஊர்கிற ஒரு தடித்த விரிப்பு மாதிரிதான் இருக்கும், ஸ்போக்காக நடித்த லியோனார்ட் நிமாயின் குரல்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு உங்கள் ஊருக்கு வாருங்கள். முடிவில் ஒரு சமரசம் வருகிறது: குஞ்சுகள் பாறையைக் குடைந்துகொண்டு போகும், மனிதர்கள் பின்னாலேயே போய்க் கனிமத்தை எடுத்துக்கொள்வார்கள், எல்லோருக்கும் லாபம். உடைந்துபோன முட்டைகளுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. பல வருஷம் போராடி, 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக ஆக்கிச் சட்டம் வந்ததைப் பார்த்தவர் நீங்கள், மண்ணுக்கு மேலே இருப்பவர்களைக் கேட்காமல் கீழே தோண்டலாமா என்று வீட்டுத் திண்ணையிலேயே பேசிக் கேட்டிருப்பீர்கள். அந்த முடிவு உங்களுக்குப் போதவில்லை என்றால் போதவில்லை என்றே எழுதுங்கள். கலிபோர்னியாவில் உட்கார்ந்து எழுதுகிற விமர்சகர் இதைக் கவனிப்பது கஷ்டம், உங்களுக்கு அது முதல் பார்வையிலேயே பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் தொடரின் மிகச் சிறந்த ஐந்தில் இது ஒன்று, ஆனால் கடைசி சில நிமிடங்கள் அவசரப்பட்டவை.

கே: கிராபிக்ஸைப் புதுசாக மாற்றிய பதிப்பா, பழைய பதிப்பா, எதைப் பார்த்து எழுதுவது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

ப: பழையது. 2006 முதல் வந்த பதிப்பில் விண்வெளிக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள், படம் துல்லியமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கப்பல் அறுபதுகளின் கப்பல் இல்லை. ப்ளூ-ரேயில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எதைப் பார்த்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

கே: மூன்றாவது சீசன் மோசம், தொடவே வேண்டாம் என்கிறார்களே?
- ஒரு வாசகி, வேதாரண்யம்

ப: முதல் எபிசோடே ‘ஸ்போக்ஸ் பிரெய்ன்’. ஸ்போக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள், உடம்பை ரிமோட்டால் நடக்க வைக்கிறார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த சீசன் வந்த கதையைத் தெரிந்துகொண்டு பாருங்கள். தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள், கடைசியில் அதை ஒளிபரப்பிய என்பிசி டிவி நிறுவனம், தொடர் நீடிக்கும் என்று 1968-இல் டிவியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. காப்பாற்றிய கையோடு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள், பணத்தையும் குறைத்தார்கள், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். 79 எபிசோடோடு 1969 ஜூனில் முடிந்துவிட்டது.

இவ்வளவுக்கு நடுவிலும் ‘லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்டு’ வந்தது. ஒருவனுக்கு முகத்தின் வலப்பக்கம் கறுப்பு, இடப்பக்கம் வெள்ளை; இன்னொருவனுக்கு நேர்மாறு. அதற்காக ஒருவரை ஒருவர் துரத்தி, திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் கிரகத்தில் ஒரு உயிர்கூட மிச்சமில்லை. உரக்கச் சொல்கிறார்கள், நுணுக்கம் போதாது என்று குறை சொல்வார்கள். எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்று கணக்குப் பார்க்கிற நம் ஊரில் அதை உரக்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாருங்கள்.

கே: பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவின் அறுபதுகள் எபிசோடுகளில் பலவற்றுக்குப் படமே இல்லை, ஒலிப்பதிவு மட்டும்தான் கிடைக்கிறது. இவற்றுக்கு விமர்சனம் எழுதலாமா?
- ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: எழுதலாம், மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். டேப்பின் விலை அதிகம், மறுஒளிபரப்புக்கும் ஒப்பந்தத் தடைகள் இருந்தன என்பதால் பிபிசியே பழைய டேப்புகளை அழித்துவிட்டது. வெளிநாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகள் சில திரும்பக் கிடைத்தன. ஒலி மிஞ்சியதற்குக் காரணம் அன்றைக்கு வீட்டில் டிவிக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள், அவர்களுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ என்று ஆறு பகுதிக் கதை ஒன்று உண்டு. பல வருஷம் மூன்றாம் பகுதி மட்டும்தான் கையில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு சுமாரான கதை என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் மற்ற ஐந்தும் கிடைத்த செய்தி 2013-இல் வெளியாகி, பேட்ரிக் ட்ரௌட்டன் தொடரின் நாயகனான டாக்டராகவும் வில்லன் சாலமாண்டராகவும் இரண்டு வேஷத்தில் நடித்திருப்பதை முழுசாகப் பார்த்த பிறகு அபிப்பிராயமே மாறிவிட்டது. அதனால் ஒலியை மட்டும் கேட்டால் வசனம், குரல், கதை ஓட்டம் பற்றி எழுதுங்கள், படம் பார்க்கவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு ஆறும் இருக்கிற இந்தக் கதையிலிருந்தே தொடங்குங்களேன்.