கைக்கோடாரி வாங்கும்போது எதைப் பார்ப்பது, காம்பை எப்படி மாற்றுவது?

விறகு சீவ, கிளை கழிக்க 500 முதல் 700 கிராம் தலை போதும். காம்பு 35–40 செ.மீ. பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் வாய் சில்லுத் தெறிக்கும். சோப்பைச் சீவுவதுபோல் இறங்கினால் கூர் மடங்கும். மெல்லக் கடித்தால் அதுதான் நல்ல தலை.

காம்பின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். மர ரேகைகள் வாயின் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கும் வேகத்தில் பிளந்துவிடும்.

புதுக் காம்புக்குப் புளி அல்லது கருவேலம் எடுக்கலாம், ஆனால் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தலை கழன்று பறப்பதற்குப் பெரும்பாலும் பச்சை மரமே காரணம். தலையில் காம்பு நுழையும் துளைக்குக் கண் என்று பெயர். காம்பின் மேல்முனையில், கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ரம்பத்தால் கீறி, தலையைப் பொருத்தி, அந்தக் கீறலில் உலர்ந்த மர ஆப்பை அடித்து இறக்குங்கள். தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மரம் உப்பி, கண்ணுக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புது ஆப்புதான் வழி.

காம்பில் வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், கை வழுக்காது. எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவிடுங்கள்.

கூர் தீட்ட அரமும் சாணைக்கல்லும் போதும், பக்கத்துக்குச் சுமார் 20 பாகை. மின்சாணையில் வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போயிற்று.